ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி

"உனக்குக் கொழுப்பு!" என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதையே ஒரு டாக்டர் காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்தும் போட்டு, கட்டணமும் வாங்கிக்கொண்டு கொடுத்தால்? பேசாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்கிறோம்.

பட்டணத்துக் குடும்பங்களில் இந்தக் காகிதம் நுழையாத வீடு குறைவு. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பார்கள். கர்ப்பப்பையில் கட்டியோ என்று சந்தேகப்பட்டுப் போயிருப்பார்கள். அல்லது ஆபீசில் கட்டாயம் செய்துகொள்ளச் சொன்ன உடல் பரிசோதனையாக இருக்கும். தேடிப் போனது அகப்பட்டதோ இல்லையோ, தேடாத ஒன்று ரிப்போர்ட்டின் அடியில் உட்கார்ந்திருக்கும்: "கிரேட் 1 ஃபாட்டி லிவர்."

அதைப் பார்த்ததும் வீட்டில் பேச்சு நடக்கிறது.

"என்னங்க, எனக்கு ஈரலில் கொழுப்பாம். கிரேட் ஒன்று என்று போட்டிருக்கிறதே!"

"ஒன்றுதானே? எதிர்வீட்டுக்காரருக்கு இரண்டு. இந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருக்கிறதுதான். நீ போய்க் காப்பி போடு."

இது ஒரு விதம். இன்னொரு விதமும் உண்டு. "ஐயையோ, கிரேட் மூன்றா? புற்றுநோய்க்குத்தானே இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்வார்கள்?" அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

இரண்டு பேச்சுமே தவறு. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரியாததால் வந்த தவறு.

முதலில் ஈரலைப் பற்றி. வலது விலா எலும்புகளுக்கு அடியில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் உட்கார்ந்திருக்கும் கல்லீரல் ஒரு கெட்டிக்காரக் குடித்தனக்காரி. சாப்பிட்டதில் செலவு போக மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றி எடுத்து வைக்கும். ஸ்டோர் ரூமில் இரண்டு மூட்டை இருந்தால் நல்லதுதான். இடம் போதாமல் கூடத்திலும் தாழ்வாரத்திலும் மூட்டை அடுக்க ஆரம்பித்தால் வீட்டில் மனிதர் நடமாட முடியுமா? ஈரலின் எடையில் 5 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்புச் சேர்ந்தால் அதுதான் ஃபாட்டி லிவர். வயிற்றைச் சுற்றிச் சதை போட்டவர்களுக்கும், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இது அதிகம். பெரும்பாலும் வலி இராது, பசி குறையாது, ஆள் பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பார்.

தமிழில் எழுதும்போது சிலர் இதைப் "பாட்டி லிவர்" என்றே எழுதிவிடுகிறார்கள். பாட்டிகளுக்கு மட்டும் வருவது என்று எண்ணிவிட வேண்டாம், பேரனுக்கும் வருகிறது! சென்னை நகரில் 541 பேரை ஸ்கேன் செய்து 2009ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நூற்றுக்கு 32 பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. ஆண்களில் நூற்றுக்கு 35, பெண்களில் 29. சர்க்கரை வியாதிக்காரர்களை மட்டும் தனியாக எடுத்தால் பாதிக்கு மேல்.

பெண்களில் 29 என்பதைக் கவனியுங்கள். "ஈரல் கெடுவது குடிகாரர்களுக்குத்தான்" என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஊரில், காப்பியைத் தவிர வேறு பானம் அறியாத ஒரு பெண்மணி இந்த ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவார்? அவருடைய சங்கடத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1980ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளின் ஈரல் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து எழுதினார்கள். பார்த்தால் அசல் குடிகாரரின் ஈரல். ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்ல. பெண்களே அதிகம், பெரும்பாலோர் ஓரளவு பருமன், பலருக்குச் சர்க்கரை வியாதியோ பித்தப்பைக் கல்லோ இருந்தது. அதுவரை பெயரே இல்லாதிருந்த நோய்க்கு அவர்கள்தான் "மதுவால் அல்லாத" என்ற அடைமொழியோடு ஒரு பெயர் சூட்டினார்கள். 2023ல் அதையும் மாற்றிவிட்டார்கள். "மது" என்ற சொல்லும் "ஃபாட்டி" என்ற சொல்லும் நோயாளிகளைப் புண்படுத்துகின்றன என்பது ஒரு காரணம். இப்போது எம்.ஏ.எஸ்.எல்.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். "கொழுப்பு" என்பதற்கு நம் ஊரில் உள்ள கூடுதல் அர்த்தம் தெரிந்திருந்தால் இன்னும் முன்னாலேயே மாற்றியிருப்பார்கள்!

தட்டிப் பார்க்கும் வித்தை

சந்தையில் மண்பானை வாங்கும்போது என்ன செய்கிறோம்? விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறோம். நல்ல பானை கணீரென்கிறது. விரிசல் விட்ட பானை மொத்தென்கிறது. கண்ணுக்குத் தெரியாத குற்றத்தைச் சப்தம் காட்டிக் கொடுக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பிறந்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்ட் என்று ஒரு பிரசவ டாக்டர். பக்கத்து ரென்ஃப்ரூவில் கொதிகலன் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. உலோகத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று, காதுக்குக் கேட்காத சப்தத்தை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துக் கண்டுபிடிக்கும் யந்திரம் அங்கே உண்டு. அந்தக் கம்பெனி டைரக்டர் ஒருவரின் மனைவி டொனால்டிடம் சிகிச்சை பெற்றவர். ஆகவே உள்ளே போக வழி கிடைத்தது. 1955 ஜூலையில் ஒரு நாள், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை இரண்டு கார்களின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய் இறங்கினார் மனிதர்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு கொடுத்தார்களாம். நீர்க்கட்டி ஒரு மாதிரியும், கெட்டியான சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் எஞ்சினீயர் சேர்ந்துகொண்டார். 1958ல் "லான்செட்" வைத்தியப் பத்திரிகையில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. வயிற்றில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்மணிக்கு, "புற்றுநோய் அல்ல, கருப்பையை அடுத்த சூலகத்தில் பெரிய நீர்க்கட்டி" என்று அந்தப் புது யந்திரம் சொல்லிற்று. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார்.

அதன் வாரிசுதான் இன்று நம் தெருமுனை ஸ்கேன் நிலையத்தில் இருக்கிறது. "கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது" என்ற பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களே, அங்கேதான். பிரசவத்துக்காகப் பிறந்த கருவி என்பது அந்தப் பலகையைப் பார்த்தாலே தெரிகிறது.

நம் காதுக்கு ஒரு விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயிற்றின் மேல் வைத்துத் தேய்க்கும் அந்தக் கைக்கருவி விநாடிக்கு 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் அதிர்வு வரை அனுப்புகிறது. இடையில் காற்று இருந்தால் சப்தம் உள்ளே போகாது. அதற்குத்தான் ஜில்லென்று பசையைத் தடவுகிறார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும் அப்படித்தான்: குடலில் வாயு குறையும், பித்தப்பையும் நிறைந்து நன்றாகத் தெரியும்.

சரி, கொழுப்பு எப்படித் தெரிகிறது? பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான். ஈரலுக்குள் சேர்ந்த கொழுப்புத் துளிகள் சப்தத்தை அதே போலச் சிதறடிக்கின்றன. எதிரொலி அதிகமாகத் திரும்பி வர, திரையில் ஈரல் வெளுக்கிறது. எவ்வளவு வெளுப்பு என்று பார்க்க அளவுகோல் பக்கத்திலேயே இருக்கிறது: வலது சிறுநீரகம். ஆரோக்கியமான ஈரலும் சிறுநீரகமும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம். கொழுத்த ஈரல், பழைய புடவைக்குப் பக்கத்தில் சலவை வேஷ்டி போலப் பளிச்சென்று தனித்து நிற்கும்.

ஈரல் வெளுத்திருக்கிறது, ஆனால் உள்ளே இரத்தக் குழாய்களின் ஓரங்கள் தெளிவாகத் தெரிகின்றன என்றால் கிரேட் 1. ஓரங்கள் மங்கினால் கிரேட் 2. சப்தம் ஆழத்துக்குப் போகாமல் தேய்ந்து, ஈரலின் பின்பகுதியும் அதற்கு மேலுள்ள உதரவிதானமும் மறைந்துவிட்டால் கிரேட் 3. அவ்வளவுதான் கிரேட்! பனிமூட்டம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்வது மாதிரி.

பார்க்கிறவர் கண்ணும், யந்திரத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் சேர்ந்து தீர்மானிக்கும் சமாசாரம் இது. மயிலாப்பூரில் கிரேட் 1 என்றதைத் தாம்பரத்தில் கிரேட் 2 என்று சொல்லக்கூடும்; இடையில் நோய் முற்றிவிட்டதென்று அர்த்தமில்லை. ஓரளவுக்கு மேல் கொழுப்பு உள்ள நூறு பேரில் 85 பேரை இந்த ஸ்கேன் பிடித்துவிடுகிறது என்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2011ல் கணக்குச் சொன்னார்கள். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் கொழுப்பு 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் பல சமயம் தவறவிட்டுவிடும்.

தழும்பு எங்கே?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கிரேட் என்பது கொழுப்பின் கணக்கு. ஈரலைக் கெடுப்பது கொழுப்பின் அளவு மட்டும் அல்ல. அதனால் வரும் புண்ணும், புண் ஆறி ஆறி விழும் தழும்பும். சமையலறையில் கையைச் சுட்டுக்கொண்டால் தோல் தடித்துப் போகிறதல்லவா, அது போல. தழும்பு பரவிப் பரவி ஈரல் முழுவதும் இறுகி முடிச்சு முடிச்சாகிவிட்டால் அதுவே சிரோசிஸ்.

இந்த நோயுள்ள 619 பேரைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்து, 2015ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ட அடையாளங்களுக்குள் யாருடைய ஆயுள் குறைகிறது என்பதோடு சம்பந்தப்பட்டிருந்தது தழும்பின் அளவுதான். கிரேட் 1 உள்ளவருக்குத் தழும்பு அதிகம் இருக்கலாம். கிரேட் 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு விசித்திரம்: சிரோசிஸ் முற்றும்போது ஈரலில் உள்ள கொழுப்பு கரைந்து போய்விடுவதும் உண்டு. உடம்பு இளைக்க உழைக்காமலேயே "போன வருஷம் இரண்டு, இந்த வருஷம் ஒன்று" என்றால், லட்டு கொடுத்துக் கொண்டாடுவதற்கு முன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

தழும்பைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் ஒரே வழிதான்: ஊசியை உள்ளே விட்டு ஒரு துணுக்கை எடுத்துப் பார்ப்பது. அது ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. தழும்போ ஈரலில் ஒரே சீராகப் பரவுவதில்லை.

இன்று முதல் படியாக ஊசி வேண்டாம், யந்திரம்கூட வேண்டாம்; பேனாவும் காகிதமும் போதும்! ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. வயதை எஸ்.ஜி.ஓ.டி. எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில் எடுத்து, அதை எஸ்.ஜி.பி.டி. எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். பள்ளிக்கூடத்தில் வர்க்கமூலம் படித்தது எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்! 48 வயது அம்மாள்; எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் இரண்டரை லட்சம், அதாவது 250 ஆயிரம். 48ஐ 40ஆல் பெருக்க 1920. 36க்கு வர்க்கமூலம் 6; 250ஐ அதனால் பெருக்க 1500. வகுத்தால் 1.28. இது 1.3க்குக் கீழே, தழும்பு அதிகம் இருக்க வாய்ப்புக் குறைவு. அதே அம்மாளுக்குப் பிளேட்லெட் ஒன்றரை லட்சம் என்றால்? விடை 2.13. மற்ற எண்கள் அப்படியே இருக்க, இவருக்கு அடுத்த பரிசோதனை அவசியம். 2.67க்கு மேலே போனால் தாமதிக்காமல் ஈரல் நிபுணரிடம் போக வேண்டியதுதான். 65 வயது தாண்டியவர்களுக்கு 1.3க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். முப்பத்தைந்துக்கு உட்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கை அவ்வளவாக நம்புவதற்கில்லை.

அடுத்த பரிசோதனை என்றேனே, அதுதான் வேடிக்கை. பயந்துபோனால் "ஈரக்குலை நடுங்கிவிட்டது" என்கிறோம். ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி நிஜமாகவே ஈரக்குலையை நடுங்க வைத்துப் பார்க்கிறது! பிரான்ஸ் தேசத்தில் பிறந்து, 2003ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியுலகுக்குத் தெரிய வந்தது. மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவே கருவியின் முனையை வைத்து, விரலால் சுண்டுவது போல் ஒரு சுண்டு. வலி இல்லை. அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அல்ட்ராசவுண்ட் அளந்து சொல்கிறது. மெத்தென்ற ஈரலில் அதிர்வு நிதானமாகப் போகும். இறுகிய ஈரலில் விரைந்து ஓடும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் இறுக்கம் 3 கிலோபாஸ்கல். இரண்டு மீட்டரானால் 12. இப்படிப் பத்துத் தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். 8க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பில்லை என்று மனம் தேறலாம். கொழுப்பையும் அதே சமயம் ஓர் எண்ணாகச் சொல்லிவிடுகிறது. குமிழைத் திருகி மாற்ற முடியாத எண்.

குறையும் உண்டு. சாப்பிட்ட உடனே போனால் ஈரல் தற்காலிகமாக இறுகிக் காட்டும். மூன்று மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை போன்ற கோளாறு இருக்கும்போதும் எண் ஏறிவிடும். மிகவும் பருமனானவர்களுக்கு அதற்கென்றே உள்ள வேறு முனையைப் பொருத்த வேண்டும்.

சி.டி. ஸ்கேனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அல்ட்ராசவுண்டில் வெள்ளையாகத் தெரிந்த அதே ஈரல் இதில் கறுத்துத் தெரியும். மண்ணீரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி.யில் தெரிந்தால் லாபம். கொழுப்பை மட்டும் பார்ப்பதற்காக எக்ஸ்ரே கதிரை உடம்பில் வாங்கிக்கொள்வானேன்?

எம்.ஆர்.ஐ.தான் கறாரான கணக்குப் பிள்ளை. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் காந்தத்துக்குள் ஆடுகின்றன. ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. பக்கத்துப் பக்கத்து ஊஞ்சல்களில் இரண்டு குழந்தைகள் ஆடினால் சில சமயம் சேர்ந்து போவார்கள், சில சமயம் எதிரெதிராகப் போவார்கள் அல்லவா? சேர்ந்து போகும்போது ஒரு படம், எதிராகப் போகும்போது ஒரு படம். இரண்டையும் கூட்டினால் தண்ணீர், கழித்தால் கொழுப்பு. 1984ல் டிக்ஸன் என்ற விஞ்ஞானி சொன்ன யுக்தி இது. இன்று அது வளர்ந்து, "ஈரலில் கொழுப்பு 11 சதவிகிதம்" என்பது போல அச்சொட்டாகச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. இதே காந்த யந்திரத்துக்குள் அதிர்வை ஓடவிட்டு இறுக்கத்தைப் படம் பிடிக்கும் முறையும் உண்டு. அதை உலகுக்கு அறிவித்த 1995ஆம் வருஷத்து ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் முத்துப்பிள்ளை! மேயோ கிளினிக் கட்டுரையில் அந்தப் பெயரைப் பார்க்க நமக்கு ஒரு சந்தோஷம். செலவு அதிகமாகையால் எல்லா வீட்டுக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. மருந்து ஆராய்ச்சிகளிலும், மற்றச் சோதனைகள் குழப்பும்போதும் இது பயன்படுகிறது.

தெரிந்துகொண்டு என்ன செய்வது?

தழும்பு ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான் என்றே வெகு காலம் நினைத்திருந்தார்கள். கியூபாவில் 293 நோயாளிகளுக்கு ஒரு வருஷம் உணவையும் நடையையும் திருத்தி, ஈரல் துணுக்கை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். 2015ல் முடிவு வெளியாயிற்று. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் நூற்றுக்கு 45 பேருக்குத் தழும்பே குறைந்திருந்தது. 70 கிலோ இருப்பவருக்கு 7 கிலோ. சுலபமில்லை, நூற்றுக்குப் பத்துப் பேர்தான் அந்த அளவை எட்டினார்கள். ஆனால் அதில் பாதி குறைத்தாலும் கொழுப்பு இறங்குகிறது.

மருந்தும் வந்திருக்கிறது. அமெரிக்க அரசாங்கம் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளூடைட் ஊசிக்கும் இந்த நோய்க்காக அனுமதி கொடுத்தது. இரண்டுமே நடுத்தர அளவிலிருந்து கூடுதலான அளவு வரை தழும்பு உள்ளவர்களுக்கு, சிரோசிஸ் எட்டாதவர்களுக்கு. கிரேட் மட்டும் தெரிந்தால் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரால்கூடச் சொல்ல முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். "லிவர் டானிக்" என்று கடையில் கேட்டு வாங்கிக் குடிப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டில் எல்லோருடைய ரிப்போர்ட்டையும் படித்து, ஃபைலில் கோத்து, மாத்திரை வேளையும் பார்க்கிற அம்மாவின் ரிப்போர்ட்தான் பெரும்பாலும் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோயும் தழும்பும் அதிகரிக்கின்றன. இளம் பெண்களில் சூலகத்தில் நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே. எடை சரியாக இருந்தாலும் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் நாட்டுப் பெண்களுக்கு அது அதிகம்தான். சர்க்கரை வியாதி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகும்போது, "கிரேட் எத்தனை?" என்று கேட்காமல், "தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா, டாக்டர்?" என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்த இரத்தப் பரிசோதனை இருந்தால் கூடவே கொண்டு போங்கள். ஃபிப்-4 கணக்கு அங்கேயே போட்டுவிடலாம். எண் குறைவாக இருந்தால், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு மூன்று வருஷம் பொறுக்கலாம். முடிந்தவரை அதே நிலையத்தில், அதே மாதிரி யந்திரத்தில் பார்ப்பது நல்லது. போகிற அன்று பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். காலைக் காப்பியை மட்டும் திரும்பி வந்து குடித்துக்கொள்ளலாம்.